யாக்னோபி மொழியின் வினைக்காலங்கள்: ஆங்கிலத்தோடு ஓர் ஒப்புநோக்கு

ஒரு மொழியின் உள்ளியல்பை அறிய விரும்புவோர் அதன் பெயர்ச்சொற்களைத் தொகுத்து எண்ணுதலினும், அதன் வினைச்சொல் காலத்தை எவ்வாறு கூறுபடுத்திக் காட்டுகின்றது என்பதை நோக்குதலே சாலச் சிறந்ததாகும். பெயர்கள் வணிகரோடும் படையோடும் சமயத்தோடும் எல்லை கடந்து செல்வன. ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற் புகுந்து விரைவிற் குடியேறுவன. வினையின் விகுதிகளோ அத்துணை எளிதிற் கடன்கொள்ளப்படுவனவல்ல. பேசுவோர் தாம் அறியாமலே தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் பழஞ்செல்வம் அவற்றிலேயே பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாக விளங்குவது நடு ஆசியாவின் மலைப்பள்ளத்தாக்கொன்றில் வழங்கிவந்த யாக்னோபி என்னும் ஈரானிய மொழியாகும். அதன் வினைக்காலங்களை நம் மாணவர் நன்கறிந்த ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு நோக்குவதும், ஆங்கில இலக்கணப் பெயர்களை அம்மொழிமீது ஏற்றிக் கூறும் வழக்கு எத்துணைப் பொருத்தமுடைத்து என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாக்னோபு என்பது இன்றைய தாஜிக்கிஸ்தானில் சரப்சான், ஹிசார் என்னும் இரு மலைத்தொடர்களுக்கு இடையே ஓடும் ஓர் ஆறு. அது இஸ்கந்தர் ஆற்றோடு கூடிப் பான் ஆறெனப் பெயர்பெற்றுச் சரப்சான் நதியிற் கலக்கின்றது. சரப்சான் கரையில் சமர்க்கந்து, பஞ்சக்கந்து முதலிய நகரங்களில் வாழ்ந்த பண்டைச் சொக்தியர், சீனத்துக்கும் மேற்கு நாடுகளுக்கும் இடையே நிகழ்ந்த பட்டு வாணிகத்தில் தலைசிறந்து விளங்கினர். அவர்தம் மொழி பல நூற்றாண்டுகள் அவ்வாணிக வழியின் பொதுமொழியாய் இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் அரபியர் படையெடுப்பினாலும், அதன் பின்னர்ப் பாரசீகத்தின் பரவலாலும் சமவெளிகளில் அம்மொழி தேய்ந்து மறைந்தது. எனினும், அதனோடு நெருங்கிய உறவுடைய பேச்சொன்று, பனி மூடிய கணவாய்களால் ஆண்டின் பெரும்பகுதி அடைபட்டுக் கிடந்த யாக்னோபுப் பள்ளத்தாக்கில் அழியாது நின்றது. அதுவே யாக்னோபி மொழி. அதனைப் பேசுவோர் தொகைபற்றிய மதிப்பீடுகள் 12,000 என்னும் எண்ணை ஒட்டியே அமைவன. அவருள் ஏறத்தாழ யாவரும் தாஜிக் மொழியையும் பேசுவோரே.

இம்மொழிபற்றிய முதற் குறிப்புகள் 1870ஆம் ஆண்டில் உருசியர் மேற்கொண்ட இஸ்கந்தர்க்குல் ஆராய்ச்சிப் பயணத்தின் பயனாக அறிவுலகுக்கு எட்டின. 1913இல் பிரெஞ்சு அறிஞர் ரொபேர் கோத்தியோ அப்பள்ளத்தாக்குக்கு நேரிற் சென்றார். முதலாம் உலகப்போரிற் பட்ட காயத்தால் 1916இல் அவர் மாண்டமையால் அவரது பணி குறையாய் நின்றது. 1957இல் அந்திரெயேவ், பெஷ்செரெவா ஆகியோர் தொகுத்த யாக்னோபி உரைகளும், 1972இல் குரோமோவ் எழுதிய இலக்கணமும் உருசிய மொழியில் வெளிவந்தன. இவ்வரிசையில் இலங்கையராகிய நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டிய பெயரொன்று உண்டு. மகாவம்சத்தைப் பதிப்பித்தவரும், சிங்கள மொழிக்கு இலக்கணம் வகுத்தவருமான வில்ஹெல்ம் கைகர் என்னும் செருமானியப் பேரறிஞர், ஈரானிய மொழியியற் பெருந்தொகுதியைக் கூன் என்பாரோடு சேர்ந்து பதிப்பித்ததோடு, அதில் யாக்னோபி மொழிபற்றியும் எழுதியுள்ளார். பாளியையும் சிங்களத்தையும் ஆராய்ந்த அதே கண்கள் இம்மலைமொழியையும் நோக்கின என்பது கருதத்தக்கது.

இனி, வினைவடிவங்களைக் காண்பாம். ‘செய்’ என்னும் பொருளுடைய யாக்னோபி வினையடி ‘குன்’ என்பது. இங்குத் தரும் எடுத்துக்காட்டுகளில் ககரம் எவ்விடத்தும் வல்லோசையாகவே படிக்கப்படல் வேண்டும். ‘குனோமிஷ்ட்’ என்றால் செய்கிறேன் என்பது பொருள். ‘அகுனிம்’ என்றால் செய்தேன். ‘அகுனிமிஷ்ட்’ என்றால் செய்துகொண்டிருந்தேன். இம்மூன்றையும் பிரித்து நோக்கின், இரண்டு உறுப்புகள் புலனாகும். ஒன்று சொல்லின் முதலில் நிற்கும் ‘அ’. மற்றொன்று இறுதியில் நிற்கும் ‘இஷ்ட்’. முன்னது செயல் இறந்தகாலத்தது என்பதைக் காட்டுகின்றது. பின்னது செயல் நீடித்து நிகழ்வது என்பதைக் காட்டுகின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சாராது தத்தம் தொழிலைச் செய்வன. ஆகவே இம்மொழியில் ‘எப்பொழுது’ என்னும் வினாவும் ‘எத்தன்மையதாய்’ என்னும் வினாவும் சொல்லின் இரு முனைகளில் வெவ்வேறாக விடைபெறுகின்றன. தமிழிலே காலங்காட்டும் உறுப்பு பகுதிக்கும் விகுதிக்கும் இடையே நிற்றலின் அதனை இடைநிலை என்றோம். யாக்னோபியில் அது சொல்லுக்கு வாயிற்காவலன்போல் முன்னிற்கின்றது.

இந்த முன்னிலை அகரம் மிகத் தொன்மையானது. வடமொழி கற்றோர் இதனை நன்கறிவர். பாணினியார் இதனை ‘அட்’ என்னும் ஆகமமாக ஓதி, லுங், லங், லிருங் என்னும் மூன்று லகாரங்களில் வினையடிக்கு முன் அது வருமென்றும், உதாத்தமாக ஒலிக்குமென்றும் விதித்தார். ‘பவதி’ ஆகிறது, ‘அபவத்’ ஆயிற்று. வேதமொழியில் ‘செய்தேன்’ என்பதற்கு ‘அக்ருணவம்’ என்னும் வடிவம் உண்டு. பாரசீகப் பேரரசன் தாரயவவுஷ் பெகிஸ்தூன் மலைப்பாறையிற் பொறித்த கல்வெட்டில், தான் ஆற்றிய செயல்களைக் கூறுமிடத்து வழங்கும் சொல் ‘அகுனவம்’ என்பது. அதற்கு ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு மலையூர் இடையன் ‘அகுனிம்’ என்கின்றான். மன்னனின் மொழிக்கு நேர்வழித்தோன்றலாகிய இன்றைய பாரசீகம் அந்த அகரத்தை முற்றாக இழந்து ‘கர்தம்’ என்கின்றது. ஏடும் கல்வெட்டும் இல்லாத குடியானவனின் பேச்சு அதனை இழக்கவில்லை. எழுத்துடைமையே மொழியைக் காக்கும் என்று எண்ணுவார்க்கு இது சிந்தித்தற்குரியது. கிரேக்க மொழி ‘எ’ என்னும் வடிவில் இவ்வுறுப்பைப் பெற்றிருந்தது. இக்காலக் கிரேக்கத்திலும், சொல்லழுத்தம் அதன்மீது விழுமிடங்களில் அது நின்று நிலவுகின்றது. பாளியில் ‘அகாசி’ முதலிய இறந்தகால வடிவங்களில் அதனைக் காணலாம். சிங்களத்தில் அது இல்லை. ஆங்கிலத்தை உள்ளிட்ட செருமானியக் கிளைமொழிகளிலோ அதன் சுவடு தானும் காணப்படுவதில்லை.

ஈண்டு இரு தவறான முடிவுகளைக் குறித்து மாணவரை எச்சரித்தல் தகும். முதலாவது, வடமொழியில் ‘அதர்மம்’, ‘அநீதி’ முதலிய சொற்களில் வரும் எதிர்மறை அகரம் வேறு. இறந்தகால அகரம் வேறு. அவை ஒலியால் ஒன்றாயினும் பிறப்பால் வேறானவை. இரண்டாவது, இறந்தகால அகரம் தொடக்கத்தில் ‘அப்பொழுது’, ‘அங்கே’ என்னும் பொருளுடைய தனி இடைச்சொல்லாய் இருந்திருக்கலாமென ஒப்பியல் அறிஞர் சிலர் கருதுவர். இதனைக் கேட்டவுடன் நம்மவருட் சிலர், தமிழின் சேய்மைச் சுட்டாகிய அகரத்தோடு அதனை இணைத்து உறவு நாட்ட விழைதல் கூடும். ஓர் ஒலியின் ஒப்புமை மட்டுங் கொண்டு இரு மொழிக்குடும்பங்களை இணைத்தல் மொழிநூல் முறையன்று. சேய்மையைச் சுட்டும் சொல் இறந்தகாலத்தைச் சுட்டப் பயன்படுதல் மனித உள்ளத்தின் பொதுவியல்பாக இருக்கலாம். அது குருதியுறவுக்குச் சான்றாகாது.

யாக்னோபியைச் சொக்தியத்தின் மகளென்று பலரும் கூறிவருகின்றனர். பொதுவான பேச்சுக்கு அது போதுமாயினும், இவ்வகரத்தை நுணுகி நோக்குவோர் அக்கூற்றைச் சற்றுத் திருத்திக் கொள்ளுதல் வேண்டும். நமக்குக் கிடைத்துள்ள சொக்திய ஏடுகளில், உபசருக்கம் பெற்ற வினைகளிலேதான் அந்த அகரம் உபசருக்கத்தோடு கலந்து உள்ளே மறைந்து நிற்கின்றது. உபசருக்கம் பெறாத எளிய வினைகளில் அது மறைந்துவிட்டது. யாக்னோபியிலோ எளிய வினைகளின் முன்னும் அது வெளிப்படையாய் நிற்கின்றது. தாய் இழந்துவிட்ட பொருளை மகள் தாயிடமிருந்து பெற்றிருத்தல் இயலாது. ஆகலின் யாக்னோபி, ஏட்டிற் கண்ட சொக்தியத்தின் நேர் மகள் அன்று. அதனோடு உடன்பிறந்த வேறொரு வட்டார வழக்கின் வழித்தோன்றல் என்பதே பொருத்தமான முடிபாகும். ஒரு மொழியின் குலவரலாற்றைத் துணிவதற்குச் சொற்பட்டியல்களினும் இத்தகைய சிறிய வினையுறுப்பொன்று பெருந்துணையாதல் இதனாற் பெறப்படும்.

பிற ஈரானிய மொழிகள் கைவிட்ட இவ்வகரத்தை இம்மொழி மட்டும் ஏன் தெளிவுறக் காத்தது என்னும் வினா எழும். மலைகளின் தனிமை ஒரு காரணமாகலாம். எனினும் தனிமையே முழு விடையாகாது. பாமிர் மலைகளின் தனிமையில் வாழும் வேறு ஈரானிய மொழிகள் அதனைக் காத்தில. வினைவடிவத்தினுள்ளேயே ஒரு காரணம் காணப்படுகின்றது. இறந்தகாலத்திற் படர்க்கை ஒருமைக்கு இம்மொழியில் விகுதியே இல்லை. ‘அகுன்’ என்றால் செய்தான் அல்லது செய்தாள் என்பது பொருள். அதிலுள்ள அகரத்தை நீக்கின் எஞ்சுவது ‘குன்’. அதுவோ ‘செய்’ என்னும் ஏவல். ஆகவே ஏவலையும் இறந்தகாலத்தையும் வேறுபடுத்துவது அந்த ஓரெழுத்தே. மேலும், எதிர்மறை காட்டும் ‘ந’ என்னும் முன்னொட்டு இறந்தகால அகரத்தோடு புணருங்கால் ‘நே’ எனத் திரிகின்றது. எனவே எதிர்மறைச் சொல்லிலும் இறந்தகாலத்தின் அடையாளம் மறைவதில்லை. பயன்மிக்க சுமையைத் தாங்கி நிற்கும் தூணை எவரும் பெயர்த்தெடுப்பதில்லை. மொழியின் உறுப்புகளும் அத்தகையனவே. ஆங்கிலத்தில் ‘கட்’, ‘புட்’ முதலிய வினைகள் நிகழ்காலத்தும் இறந்தகாலத்தும் ஒரே வடிவில் நிற்பதையும், அங்கே பொருளை உணர்த்துவது சூழ்நிலையே என்பதையும் இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

இனி ‘இஷ்ட்’ என்னும் ஈற்றுறுப்பைப் பார்ப்போம். இது ‘நில்’ என்னும் பொருளுடைய பழைய ஈரானிய வினையினின்று தோன்றியதென அறிஞர் கொள்வர். வடமொழித் ‘திஷ்டதி’ அதன் உறவுச்சொல்லாகும். ஒரு செயலில் நிற்றல் என்பது, அச்செயல் தொடர்தல் என்னும் பொருளைப் பெற்றது. ஆங்கிலத்தின் ‘ஐ ஆம் டூயிங்’ என்னும் தொடரும் இத்தகைய சிந்தனையினின்றே வளர்ந்தது. ஒரு தொழிலின்மீது அல்லது தொழிலினுள் இருத்தல் என்னும் கருத்துடைய பழைய தொடர்களும், ‘இரு’ என்னும் வினையோடு எச்சம் சேர்ந்த பழைய ஆங்கில வழக்கும் அதன் வளர்ச்சிக்குத் துணைசெய்தன எனலாம். நம் ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்பதிலும் ‘இரு’ என்னும் வினையே அத்தொழிலைச் செய்கின்றது. நிற்றலும் இருத்தலும் ஆகிய உடல்நிலைகளைக் கொண்டு காலத்தின் நீட்சியைக் காட்டுதல் பல மொழிகளுக்கும் பொதுவென்பது இதனால் விளங்கும்.

தோற்றத்தில் ஒத்த இவ்விரண்டும் வளர்ச்சியில் வேறுபட்டன. ஆங்கிலத்தில் தொடர்நிலை வடிவம் வளர்ந்தபோதும், ‘ஐ டூ’ என்னும் பழைய எளிய வடிவம் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கமாகச் செய்வதற்கு ஒன்றும், இப்பொழுது செய்துகொண்டிருப்பதற்கு மற்றொன்றுமாக இரண்டும் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டன. அறிதல், விரும்புதல் முதலிய நிலைவினைகள் பெரும்பாலும் தொடர்நிலை வடிவத்தை ஏற்பதில்லை; இதனை அறியாது எழுதி நம் மாணவர் இடர்ப்படுதல் யாவரும் அறிந்ததே. யாக்னோபியிலோ ‘இஷ்ட்’ பெற்ற வடிவம் நிகழ்காலத்தின் முழு ஆட்சியையும் கைப்பற்றிக்கொண்டது. ‘குனோமிஷ்ட்’ என்பது ‘ஐ டூ’ என்பதற்கும் ‘ஐ ஆம் டூயிங்’ என்பதற்கும் ஒருங்கே நிற்கும். ‘இஷ்ட்’ பெறாத ‘குனோம்’ என்னும் பழைய வடிவம் தன் அரசை இழந்து, ‘நான் செய்வேனாக’, ‘நான் செய்ய’ என விருப்பமும் ஐயமும் நோக்கமும் உணர்த்தும் துணைநிலைக்கு ஒதுங்கிற்று. தொடர்ச்சியைக் காட்டப் பிறந்த உறுப்பு, உண்மையாய் நிகழ்வதை, எண்ணத்தளவில் நிற்பதினின்று வேறுபடுத்தும் உறுப்பாக மாறியதென்க. இம்மாற்றத்தின் போக்கை ஆங்கில இலக்கணத்தின் ‘தொடர் நிகழ்காலம்’ என்னும் பெயர் ஒருசிறிதும் உணர்த்தாது.

இறந்தகாலத்தில் நிலைமை வேறு. அங்கே ‘அகுனிம்’, ‘அகுனிமிஷ்ட்’ என்னும் இரண்டும் உயிரோடு நின்று, முடிந்த செயலையும் நீடித்த செயலையும் வேறுபடுத்துகின்றன. ‘அகுனிமிஷ்ட்’ என்பதனை ஆங்கிலத்தார் ‘ஐ வாஸ் டூயிங்’ எனப் பெயர்ப்பர். அது பாதி உண்மையே. நீடிப்பு என்னும் கருத்து, ஒரு பொழுது இடையறாது நிகழ்ந்ததற்கும், பல பொழுது மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததற்கும் பொதுவாகும். பிந்திய பொருளுக்கு ஆங்கிலம் ‘ஐ யூஸ்ட் டு டூ’ என வேறொரு தொடரை நாடுகின்றது. ஒரு முதியவர் தம் ஊரில் ஆண்டுதோறும் செய்துவந்த தொழிலைக் கூறும்போது ‘வாஸ் டூயிங்’ எனப் பெயர்த்தால், ஆண்டுகள் பலவற்றின் வழக்கம் ஒரு நாட் காட்சியாகச் சுருங்கிவிடும். கதைகளையும் நினைவுரைகளையும் மொழிபெயர்ப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

ஏனைய காலங்களைச் சுருக்கமாகக் கூறி அமைவாம். எதிர்காலத்துக்கெனத் தனி விகுதி யாக்னோபியில் இல்லை. நிகழ்கால வடிவமே அதற்கும் உதவும். ஆங்கிலமும் விகுதியளவில் இறப்பு, இறப்பல்லாதது என்னும் இரண்டையே உடையது. ‘வில்’, ‘ஷல்’ என்னும் துணைவினைகளால் எதிர்காலத்தைக் கூறுகின்றது. இந்நிலையில் இரு மொழிகளும் ஒத்தனவே. முற்றுநிலையை யாக்னோபி, ‘த’ என்னும் ஈறு பெற்ற இறந்தகால எச்சத்தோடு ‘இரு’ என்னும் பொருளுடைய இணைப்புவினையைச் சேர்த்து அமைக்கின்றது. ஆங்கிலமோ ‘ஐ ஹாவ் டன்’ என உடைமைவினையைச் சேர்க்கின்றது. ஏட்டிற் கண்ட சொக்தியமும் செயப்படுபொருள் குன்றா வினைகளுக்கு உடைமைவினையையே துணையாகக் கொண்டமை வியப்புக்குரியது. இவ்வொரு கூற்றில், மறைந்த சொக்தியமே யாக்னோபியினும் ஆங்கிலத்துக்கு அணிமையில் நிற்கின்றது. ஒப்புமைகள் யாவும் உறவுக்குச் சான்றல்ல என முன்னர்க் கூறியதை இதுவும் வலியுறுத்தும்.

இலக்கணப் பெயர்கள் வெறும் அடையாளங்களே. எப்பெயரால் அழைத்தாலென்ன, வடிவங்கள் சரியாகக் கொடுக்கப்பட்டாற் போதாதோ என ஒருவர் வினவலாம். தொடக்கநிலையில் அவ்வடையாளங்கள் உதவுவன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெயர் வடிவத்தோடு நில்லாது, தேடும் முறையையும் வகுத்துவிடுகின்றது. ஆங்கில அட்டவணையைக் கையில் ஏந்திச் செல்பவர், ‘ஐ டூ’, ‘ஐ ஆம் டூயிங்’ என்னும் இரண்டுக்கும் இரு வடிவங்களைக் கேட்பார். பேசுவோர் இரண்டுக்கும் ஒன்றையே சொல்வர். மொழி வறியது என்னும் எண்ணம் அவருக்கு எழும். ‘குனோம்’ என்பதற்கு அவரது அட்டவணையில் இடமில்லையாதலின் அதனைக் கேட்கவே மாட்டார். உண்மையில் வறுமை அட்டவணையிலேயே உள்ளது. இம்மொழியை ஆராய்ந்த அறிஞரெல்லாரும் இவ்வாறு தவறினர் என்பது எம் கருத்தன்று; உரைகளைத் திரட்டி, அவற்றினின்று இலக்கணங் கண்டவர் அவருட் பலர். ஆயினும் அவர்தம் முடிவுகளைச் சுருக்கித் தரும் ஆங்கிலக் கையேடுகளைக் கற்போர், அப்பெயர்களின் வரம்பை அறிந்தே கற்றல் வேண்டும். இலத்தீன இலக்கணத்தின் அச்சில் ஆங்கிலத்தையே வார்த்த பழைய இலக்கணிகளின் குறையைக் கண்டித்த ஆங்கிலேயர், அதே குறையைப் பிறமொழிகளுக்கு இழைத்தல் முறையாகாது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதொன்றன்று. 1970ஆம் ஆண்டில் சோவியத்து அரசு, யாக்னோபுப் பள்ளத்தாக்கின் மக்களை அவர்தம் ஊர்களினின்று வலிந்து பெயர்த்து, சபரொபோத்து என்னும் வறண்ட சமவெளிக்குப் பருத்தி பயிரிடக் கொண்டுசென்றது. மலைக்குளிரில் வாழ்ந்தவர் வெப்பத்துக்கும் நோய்க்கும் ஆளாயினர், பலர் மாண்டனர். அவர் விட்டுச்சென்ற ஊர்கள் பாழாயின. பின்னர், 1980களில் தொடங்கிச் சில குடும்பங்கள் மலைக்கு மீண்டன. 1989இல் இயற்றப்பட்ட தாஜிக் மொழிச்சட்டம் யாக்னோபியின் பாதுகாப்பையும் குறிப்பிட்டது. எனினும் சமவெளியில் வளர்ந்த தலைமுறையினர்க்குக் கல்வியும் தொழிலும் தாஜிக் மொழியிலேயே அமைந்தன. முதற் குறிப்புகள் எடுக்கப்பட்ட 1870க்கும் ஊர்கள் வெறுமையான 1970க்கும் இடையே சரியாக ஒரு நூற்றாண்டே கழிந்தது.

மொழி மாறும்போது எது முதலில் அழியும் என்பதை மேற்கண்ட ஒப்புமை ஒருவாறு காட்டும். ‘இஷ்ட்’ என்னும் உறுப்புக்குத் தாஜிக்கில் நிகர் உண்டு. ‘மேகுனம்’ செய்கிறேன், ‘மேகர்தம்’ செய்துகொண்டிருந்தேன் என ‘மே’ என்னும் முன்னொட்டு அத்தொழிலைச் செய்கின்றது. ஆகவே யாக்னோபியை விட்டுத் தாஜிக்குக்கு மாறும் குழந்தை, நீடிப்பு என்னும் வேறுபாட்டை இழப்பதில்லை. வேறோர் ஆடையில் அதனைப் பெற்றுக்கொள்கின்றது. ஆனால் இறந்தகால அகரத்துக்கோ தாஜிக்கில் நிகர் இல்லை. அதனை இழந்தபின் அதனிடத்தில் எதுவும் வந்து நில்லாது. வேதமொழியும் தாரயவவுஷின் கல்வெட்டும் உடையதாயிருந்த அவ்வெழுத்து, ஈரானிய மொழிகளுள் இத்துணைத் தெளிவாக ஒலிக்கும் இறுதி வாயும் மூடிய அன்று, ஏட்டில் மட்டுமே எஞ்சும்.

உலகின் பெருமொழியாகிய ஆங்கிலத்தின் இலக்கணத்தை நாம் ஐயமறக் கற்றல் வேண்டும். அது நமக்குப் பல வாயில்களைத் திறந்துதருவது. ஆயின் அதனைப் பிறமொழிகளை அளக்கும் முழக்கோலாகக் கொள்ளுதல் தகாது. சில ஆயிரவர் பேசும் யாக்னோபி மொழி, ஆங்கிலம் ஒருபோதும் பெற்றிராத ஒன்றைக் காத்து வந்துள்ளது. ஆங்கிலம் இரண்டாகப் பிரித்ததை ஒன்றாகக் கண்டுள்ளது. ஆங்கிலம் ஒன்றாக்கியதை இரண்டாக்கியுள்ளது. இவற்றை அம்மொழியின் சொற்களினின்றே கண்டறிந்து, அம்மொழிக்குரிய பெயர்களால் குறித்துவைத்தல் ஒப்பியல் மாணவர் ஆற்றக்கூடிய கடமையாகும். அக்கடமைக்கு எஞ்சியுள்ள காலம் நீண்டதன்று.